ஏடபிள்யூடி காரில் சக்கரம் வீணாகச் சுழலும்போது: அறிகுறி வாரியாகப் பழுது தேடும் முறை

கோலாலம்பூர் செகாம்புட்டில் நாங்கள் நடத்தும் பட்டறைக்கு, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஏடபிள்யூடி கார்கள் பெரும்பாலும் ஒரு தீர்ப்போடுதான் வருகின்றன: "கப்ளிங் போய்விட்டதாம், மாற்ற வேண்டுமாம்." முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் விசையைப் பங்கிடும் அந்தப் பாகத்தின் மீது பழியைப் போட்டவர், பல வேளைகளில் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கப்ளிங் உண்மையிலேயே கெட்டுப்போன கார்களும் உண்டு. ஆனால் டயரிலோ, ஒரு லிட்டர் எண்ணெயிலோ, மண் அடைத்துக்கொண்ட ஒரு சென்சாரிலோ முடிந்துபோன வேலைகளே எங்கள் கணக்கில் அதிகம். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவு குறைந்த காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். இந்த வரிசையைத் தாண்டிப் போகாமல் இருந்தாலே பாதிப் பணம் மிஞ்சும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் டயர்

நான்கு டயர்களும் ஒரே அளவு, ஒரே நிறுவனம், ஒரே வார்ப்பு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்று இருக்க வேண்டும். அளவு ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையான சுற்றளவு சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் இருக்கும் காற்றழுத்த அட்டவணையைப் பார்த்து, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றைச் சரிசெய்யுங்கள். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள், டயர் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். நம் ஊர் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் காரின் பழைய டயர், பார்ப்பதற்கு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகி மழையில் பிடிப்பை இழந்திருக்கும்.

தேய்மானத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். சாக்பீஸும் அளவு நாடாவும் போதும். சமதளமான இடத்தில், டயர் தரையைத் தொடும் புள்ளியில் பக்கச்சுவரில் ஒரு கோடும் அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடும் போடுங்கள். ஒருவர் காரை நேராக, மெதுவாகத் தள்ளட்டும். டயரில் உள்ள கோடு சரியாக ஐந்து முறை கீழே வந்ததும் தரையில் மறுகோடு போட்டு, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து ஐந்தால் வகுத்தால் அந்தச் சக்கரத்தின் சுற்றளவு கிடைக்கும். ஒரு சுற்றில் வரும் அளவுப் பிழை ஐந்து சுற்றில் கரைந்துவிடும். நான்கு சக்கரங்களுக்கும் இதைச் செய்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுபாரு தன் கார்களுக்குச் சொல்லும் வரம்பு, சுற்றளவில் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். டயரின் ஆழத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலே அந்த வரம்பு வந்துவிடும். வேறு நிறுவனங்கள் இதைவிடத் தாராளமாக இருப்பதுண்டு. உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே உங்களுக்கான எண்.

அறிகுறி: ஈரமான ஏற்றத்தில் முன் சக்கரங்கள் மட்டும் சுழல்கின்றன

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், முதல் கேள்வி உங்கள் கார் உண்மையில் ஏடபிள்யூடி தானா என்பதே. ஹோண்டா சிஆர்வி, மாஸ்டா சிஎக்ஸ்-5, புரோட்டோன் எக்ஸ்70 போன்ற எஸ்யூவிகள் நம் நாட்டில் இரண்டு சக்கர இயக்கத்திலும் நான்கு சக்கர இயக்கத்திலும் விற்கப்பட்டிருக்கின்றன. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பழைய கார் வாங்கியவர்கள் பலர் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பியிருப்பார்கள். காரின் பின்புறம் குனிந்து பாருங்கள். நடுவில் நீளவாக்கில் வரும் புரொபெல்லர் ஷாஃப்டும், பின் சக்கரங்களுக்கு இடையில் பூசணிக்காய் அளவில் டிஃபரென்ஷியல் எனும் ஓர் இரும்பு உருண்டையும், அதிலிருந்து இரு பக்கமும் போகும் தண்டுகளும் இல்லையென்றால், தேட வேண்டிய பழுது ஒன்றுமில்லை.

அவை இருக்கின்றன என்றால், அடுத்து எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று கவனியுங்கள். தேவைப்படும்போது மட்டும் பின்னால் விசையை அனுப்பும் கார்களில் முன் சக்கரம் ஒரு கணம் நழுவிய பிறகே பின் சக்கரம் துணைக்கு வருவதுண்டு. கண்டோமினியக் கீழ்த்தளச் சரிவில் மழைநீர் வழியும்போது ஒரு சிறு கீச்சொலி கேட்டு அடங்குவது இயல்பு. இரண்டு மூன்று நொடி சுழன்றும் கார் அசையாமல், பின்பக்கத்திலிருந்து எந்தத் தள்ளலும் உணரப்படாமல் இருந்தால் மேலே தேடலாம்.

செம்மண் பாதையிலோ மணலிலோ நெடுநேரம் போராடியிருந்தால் கப்ளிங் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்வதற்காக விலகியிருக்கக்கூடும். செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விட்டு வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். என்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி பாருங்கள். ஆறியதும் வேலை செய்தால் அது பழுதன்று, ஓட்டும் முறை. ஆறியும் வேலை செய்யவில்லையானால் ஃபியூஸ் பெட்டியில் நான்கு சக்கர இயக்கத்துக்குரிய ஃபியூஸையும், பின் டிஃபரென்ஷியல் அருகே வரும் மின்கம்பி இணைப்பையும் பாருங்கள். அந்த இணைப்பு தரைக்கு அருகிலேயே தொங்குவதால் பச்சை பூத்த செம்பு முனைகளை நாங்கள் நிறையவே சுத்தம் செய்திருக்கிறோம்.

அதையும் கடந்தால் எண்ணெய். ஹால்டெக்ஸ் வகைக் கப்ளிங் பொருத்திய ஐரோப்பியக் கார்களில் ஒரு சிறு மின்பம்ப்தான், கப்ளிங்குக்குள் விசையைக் கடத்தும் தகடுகளை அழுத்துகிறது. ஐந்தாம் தலைமுறையில் தனி வடிகட்டி கிடையாது. பம்ப்பின் வாயில் ஒரு மெல்லிய வலை மட்டுமே இருக்கிறது. தகடு தேய்ந்த தூள் அந்த வலையில் சேறாகப் படிந்ததும் பம்ப் மூச்சுத் திணறி, கடைசியில் எரிந்துபோகிறது. டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியாமலேயே கார் மாதக்கணக்கில் முன் சக்கர இயக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு வலையைக் கழற்றாமல் விட்டவர்கள், செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். வலையைச் சுத்தம் செய்வது சில நூறு ரிங்கிட்டில் முடியும்; பம்ப் போனால் செலவு அதைப்போலப் பல மடங்கு.

இவ்வளவும் சரியாக இருந்தும் பின் சக்கரம் உறங்கினால், ஷாஃப்டின் பற்கள் வழுக்கியிருக்கலாம் அல்லது தகடுகளே தேய்ந்திருக்கலாம். இந்த இடத்தில் வீட்டுச் சோதனை முடிகிறது. காரை ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு எந்தச் சக்கரம் சுழல்கிறது என்று பார்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். தரையில் இருக்கும் சக்கரத்துக்குத் திடீரென விசை போனால் கார் ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். கப்ளிங்குக்குப் போகும் மின்னோட்டத்தை ஓடும்போதே காட்டக்கூடிய ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையிடம் கொடுங்கள். கட்டளை போகிறது, தகடு பிடிக்கவில்லை என்றால் பழுது கப்ளிங்கில். கட்டளையே போகவில்லை என்றால் பழுது கம்பியில், சென்சாரில் அல்லது கணினியில். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: வளைவில் கார் இழுத்துப் பிடிக்கிறது, தத்துகிறது, முனகுகிறது

இதுவே அதிகம் வரும் புகார். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது, யாரோ பிரேக்கை அழுத்திப் பிடித்ததைப் போல் கார் தயங்கும். சில கார்களில் பின்புறம் குதிக்கும். வணிக வளாகங்களின் பளபளப்பான வண்ணம் பூசிய தளத்தில் டயர் கீச்சிடுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தத் தளத்தில் எல்லாக் கார்களும் கீச்சிடும். சாதாரண தார்த் தளத்தில், யாருமற்ற இடத்தில், மெல்ல எட்டு வடிவில் ஓட்டிப் பாருங்கள்.

ஒலியைப் பிரித்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. முன் சக்கரத்தருகே டக், டக் என்று ஒடிவதைப் போல் கேட்டால், அது அச்சுத் தண்டின் மூட்டு. பங்கீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்புறத்திலிருந்து மாடு கத்துவதைப் போல் நீண்ட முனகல் வந்தால் எண்ணெய் அல்லது தகடு. ஒலியே இல்லாமல் கார் இறுகி, பின் விடுபட்டுத் துள்ளினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

பிக்கப் வைத்திருப்பவர்கள் முதலில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு எடுக்கும் குமிழைப் பார்க்க வேண்டும். ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற வண்டிகளில் பல, முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாத பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் (4H, நான்கு சக்கர இயக்க நிலை) ஓட்டினால் வளைவில் இறுகுவதே அவற்றின் இயல்பு. மழை பெய்தது என்று காராக் நெடுஞ்சாலையில் அதைப் போட்டுவிட்டு, வீட்டு வாசல் வரை எடுக்காமல் வந்தவர்களை நான் அறிவேன். குமிழைத் திருப்பியும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டுங்கள். முறுக்கேறியிருந்த பற்கள் தளர்ந்து விலகும்.

குமிழ் இல்லாத கார் என்றால் மறுபடியும் டயர்தான். ஒருமுறை ரவாங்கிலிருந்து ஓர் அக்கா வந்தார். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து கார் திரும்ப மறுக்கிறது என்றார். ஒரு பட்டறையில் கப்ளிங்குக்கு விலையும் சொல்லிவிட்டார்களாம். டயரைப் பார்க்கக் குனிந்தபோது, "டயர்ல ஒண்ணும் இருக்காது தம்பி, இப்பதான் ரெண்டு புதுசா போட்டேன்" என்றார். அந்த இரண்டு புது டயர்களே காரணம். பின்னால் 8 மில்லிமீட்டர் ஆழம், முன்னால் 4. 225/60 ஆர் 17 அளவுள்ள புது டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,205 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் தேய்ந்தது 2,180. தேய்ந்த சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்து சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு வழிப் பயணத்திலேயே 1,800 சுற்று மிகை. முன் சக்கரம் ஓயாமல் நழுவுகிறது என்று கணினி நினைத்துக் கப்ளிங்கை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே அளவில் நான்கு டயர்களைப் போட்டு, கருகிய நாற்றம் அடித்த எண்ணெயை மாற்றியதும் கார் வழிக்கு வந்தது. இன்னும் ஓராண்டு அப்படியே ஓட்டியிருந்தால் விலை சொன்ன பட்டறையின் வாக்கு பலித்திருக்கும்.

டயர் சரி என்றால் பின் டிஃபரென்ஷியல் எண்ணெய். 2011 வரையிலான சிஆர்வியில் இரட்டைப் பம்ப் முறை இருந்தது. எண்ணெய் பழையதானால் வளைவில் முனகும், புதிதாக ஊற்றினால் அடங்கும். ஆனால் ஹோண்டா அதற்கென்றே குறித்த இரட்டைப் பம்ப் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் எண்ணெயை ஊற்றினால் முனகல் கூடும், தகடும் கெடும். இதை வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன், மேலே உள்ள நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். நிரப்பும் திருகு துருவேறி இறுகிப்போயிருக்க, கீழே எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு இழுவை வண்டியில் வந்தவர்கள் உண்டு. வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு. நகம் படும் அளவில் இரும்புத் துணுக்கு இருந்தால் மூடிவிட்டுப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த எண்ணெயும் ஆயுளுக்கும் போதும் என்று எழுதியிருப்பதை நான் ஏற்பதில்லை. நம் வெயிலுக்கும் ஃபெடரல் நெடுஞ்சாலையின் நெரிசலுக்கும் அது பொருந்தாது.

அண்மையில் என்ஜின், கியர்பெட்டி, பின் டிஃபரென்ஷியல் ஆகியவற்றில் ஒன்றை பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால், பல் விகிதத்தைச் சரிபாருங்கள். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் சுபாரு டிஃபரென்ஷியல்களில் 4.11 விகிதமும் 4.44 விகிதமும் உண்டு. முன்னால் ஒன்றும் பின்னால் மற்றொன்றும் அமைந்தால் கார் நூறு மீட்டருக்குள்ளேயே முரண்டு பிடிக்கும். பழைய நான்கு கியர் தானியங்கி சுபாருவில் இன்னொரு வசதி இருக்கிறது: என்ஜின் அறையில் எஃப்டபிள்யூடி (முன் சக்கர இயக்கம்) என்று குறித்த காலி ஃபியூஸ் இடத்தில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின் இயக்கம் விலகும். இறுக்கம் மறைந்தால் தகடு விடுபடுகிறது என்று பொருள். அப்போது எண்ணெயையும் மின் கட்டுப்பாட்டையும் பார்க்கலாம். மறையாவிட்டால் சொலினாய்டு (மின்காந்த வால்வு) அல்லது தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கியர்பெட்டியின் பின்பகுதியைத் திறக்க வேண்டிய வேலை அது. வீட்டில் தொட வேண்டாம்.

அறிகுறி: ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு, ஏடபிள்யூடி ஆகிய மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிகின்றன

மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது. மூன்றும் நம்பியிருக்கும் ஒன்று கெட்டிருக்கிறது; அது பெரும்பாலும் சக்கர வேகச் சென்சார். முதலில் பேட்டரியைப் பாருங்கள். மின்னழுத்தம் தாழ்ந்து காலையில் சோம்பலாகக் கிளம்பும் காரில் இந்த விளக்குகள் எரிந்து, சிறிது தூரம் ஓடியதும் அணையும். அடுத்து சென்சாரின் கம்பி சக்கரத்தோடு அசையும் இடத்தில் அறுந்திருக்கிறதா, முனையில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காரில் செருகிக் கோளாறு பார்க்கும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஓபிடி கருவி பெரும்பாலும் என்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். "கோளாறு எதுவுமில்லை" என்று அது காட்டுவதை நம்பி விளக்கைப் புறக்கணிக்காதீர்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கணினியோடு பேசக்கூடிய ஸ்கேனர்தான் எந்தச் சக்கரம் என்று சொல்லும்.

சென்சார் புதிதாகப் போட்டும் விளக்கு அணையவில்லை, அண்மையில் சக்கர பேரிங் மாற்றியிருக்கிறீர்கள் என்றால், பேரிங் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்கத்து மூடியில் கண்ணுக்குத் தெரியாத காந்த வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பராக ஒன்றுபோலவே தோன்றும். பொருத்துவதற்கு முன் ஒரு குண்டூசியை அருகில் கொண்டுபோனால், காந்தப் பக்கம் அதை மெல்ல இழுக்கும். நாங்களும் இந்தப் பாடத்தைக் கற்றது ஒரே காருக்கு இரண்டு சென்சார் வாங்கிய பிறகுதான்.

விளக்கு எரியும் நிலையில் பெரும்பாலான கார்கள் சாதாரண பிரேக்கோடு முன் சக்கர இயக்கத்தில் ஓடும். பட்டறை வரை மெதுவாகப் போகலாம். பிரேக் விளக்கும் சேர்ந்து சிவப்பாக எரிந்தால் ஓட்டக் கூடாது.

அறிகுறி: சேற்றில் ஒரே ஒரு சக்கரம் சுழல்கிறது, மற்றவை நிற்கின்றன

பெரும்பாலும் இது பழுதன்று. சாதாரண டிஃபரென்ஷியல் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே விசையை விட்டுக்கொடுக்கும். சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மறுபக்கத்துக்கு விசையைத் தள்ளுவது ஏபிஎஸ் அமைப்பின் வேலை. அது வேலை செய்ய ஒரு நொடி ஆகும். ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தாமல் சீராகப் பிடித்திருங்கள். கரகரவென்ற ஒலி கேட்டால் அமைப்பு உழைக்கிறது என்று பொருள். என்ஜின் தானாகவே அடங்கி, கார் நகரவே மறுத்தால் வழுக்கல் கட்டுப்பாட்டுப் பொத்தானை அணைத்து ஒருமுறை முயலலாம். அப்போதும் எந்தக் கரகரப்பும் இல்லையென்றால், முந்தைய பகுதியில் சொன்ன சென்சார் சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி: வேகம் கூடக்கூட அடியிலிருந்து ஊளை

மணிக்கு 80 கிலோமீட்டரில் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கும்போது ஒலி மாறினால் டிஃபரென்ஷியல்; தடம் மாறும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்; எதற்கும் மாறாமல் இருந்தால் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. கிளம்பும்போது மட்டும் நடுவில் அதிர்ந்தால் புரொபெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் நடு பேரிங். டயரைத் தவிர மற்ற மூன்றுக்கும் லிஃப்டும் அழுத்தும் இயந்திரமும் வேண்டும்.

அறிகுறி: வெள்ளத்தில் ஓட்டிய சில வாரங்களுக்குப் பிறகு தொடங்கிய முனகல்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோதும், 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோதும், என்ஜின் அணையாமல் தப்பிய கார்கள் பிழைத்துவிட்டதாகவே பலர் எண்ணினர். ஆனால் ஓடிச் சூடேறிய டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். நீர் கலந்த எண்ணெய் தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறியிருக்கும். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் நீரில் ஓட்டியிருந்தால், முனகலுக்காகக் காத்திராமல் அந்த வாரமே பின் டிஃபரென்ஷியல், முன்னும் பின்னும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய இரண்டின் எண்ணெயையும் சோதியுங்கள். நிறம் மாறியிருந்தால் ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும். முனகல் தொடங்கிய பிறகு வருபவர்களுக்குப் பெரும்பாலும் பேரிங்கும் சேர்த்தே செலவு வைக்கிறது.

இழுவை வண்டியை அழைக்க நேர்ந்தால்

தளமேடை உள்ள வண்டியை அனுப்பச் சொல்லிக் காப்புறுதி நிறுவனத்திடம் தொலைபேசியிலேயே கேளுங்கள். கார் ஏடபிள்யூடி என்பதையும் சொல்லுங்கள். முன் சக்கரங்களை மட்டும் தூக்கி, பின் சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்தால், நன்றாக இருந்த கப்ளிங்கும் பட்டறைக்கு வந்து சேரும் முன் கருகிவிடும். கொக்கி வண்டியே வந்து நின்றால், பின் சக்கரங்களுக்குக் கீழே வைக்கும் சிறு உருளைத் தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.